நேத்து ராத்திரி யார் ஆக்கினது? முதியோரிடம் ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு

சமூகவியலோ, சமூகப்பணியோ, செவிலியர் படிப்போ, எதில் சேர்ந்திருந்தாலும் ஒரு நாள் 'முதியோரின் சமூக நிலை' என்ற தலைப்பைக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அச்சடித்த கேள்வித்தாளும் அட்டையும் பேனாவுமாக மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும் அந்தப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி ஏறியவன்தான்.

என் முதல் பேட்டி உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊரில். எழுபதைத் தாண்டிய அம்மா. முதியோர் மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுகிற 15 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு, அதன் தமிழாக்கம் என்னிடம் இருந்தது. "உங்கள் வாழ்க்கை வெறுமையாக இருப்பதாக உணர்கிறீர்களா?" என்று வாசித்தேன். வாசற்படியில் நின்ற மருமகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, "எனக்கென்ன தம்பி, மவராசியா இருக்கேன்" என்றார். டிக் அடித்தேன். பதினைந்தும் அதே ராகம்தான். மொத்த மதிப்பெண் பூஜ்யம், அதாவது மனச்சோர்வின் அறிகுறியே இல்லை.

கிளம்பும்போது தண்ணீர் கேட்டேன். கொல்லைப்புறம் கூட்டிப் போனார். மாட்டுக் கொட்டத்தை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு. உள்ளே மூன்று கல் வைத்த அடுப்பு, ஓர் அலுமினியச் சட்டி, ஒரே ஒரு தட்டு. யாருக்கு என்று கேட்டேன். "எனக்குத்தான். நாலு வருசமா தனி உலை" என்றார், செம்பை நீட்டிக்கொண்டே. என் கேள்வித்தாளில் இதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மனசைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் நேற்றைப் பற்றிக் கேட்பேன். கீழே வருவதெல்லாம் ஏறக்குறைய இந்த ஒன்றின் விரிவுதான்.

கிளம்புவதற்கு முன்

ஒரு வாரம் உட்கார்ந்து வாசியுங்கள். 'லாசி' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்திய முதுமை ஆய்வின் முதல் சுற்று 2017-18இல் நடந்தது. மும்பையில் இருக்கும் பன்னாட்டு மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் நடத்தியது. 45 வயதைத் தாண்டியவர்களும் அவர்களுடைய துணைவர்களுமாக 72,000 பேருக்கு மேல் பேட்டி கண்டார்கள். தமிழ்நாட்டுக்கான எண்கள் அதில் தனியாகக் கிடைக்கும். உங்கள் முப்பது பேட்டியை வைத்துக்கொண்டு 'தமிழக முதியோரில் இத்தனை சதவீதம்' என்று எழுதும் ஆசை அதைப் பார்த்தால் போய்விடும். நல்லது. சதவீதம் சொல்வது அவர்கள் வேலை, அந்தச் சதவீதத்துக்குப் பின்னால் அடுப்படியில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது உங்கள் வேலை.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியிருந்தார்கள், நாட்டின் சராசரியோ ஒன்பதைத் தொடவில்லை. குடும்பக் கட்டுப்பாடு சீக்கிரம் வந்த மாநிலம், பிள்ளைகளும் திருப்பூர், சென்னை, வளைகுடா என்று பிழைக்கப் போய்விட்டார்கள். இந்தப் பின்னணி இல்லாமல் 'கூட்டுக்குடும்பம் சிதைந்தது' என்று ஒரே வரியில் எழுதி முடிக்கிற அறிக்கைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

யாரைத் தேடிப் போவது

ஊர் மந்தையில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். புதிதாகப் போகிறவர்கள் அவர்களிடமே பேசி எண்ணிக்கையை முடித்துவிடுகிறார்கள். மந்தைக்கு வந்து உட்கார முடிகிறவர்கள் எல்லாம் ஆண்கள், காலில் தெம்பு உள்ளவர்கள், ஊரில் பேச்சுச் செல்லுபடியாகிறவர்கள். பக்கவாதம் வந்து உள்ளறையில் படுத்திருப்பவரும், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டியும், நூறு நாள் வேலைக்குப் போன 65 வயது அம்மாவும் அங்கே இருக்க மாட்டார்கள். ஓ.ஏ.பி. என்கிற முதியோர் உதவித்தொகைப் பட்டியலை வாங்கி அதன்படி போனாலும் இதே கோளாறுதான். பணம் கிடைக்காதவர்தான் அதில் இல்லையே.

ஆகவே தெருவைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தெருவில் ஒரு வீடு விடாமல் தட்டி, "இங்க அறுவது தாண்டினவங்க யாரும் இருக்காங்களா?" என்று கேட்டு முதலில் பட்டியல் போடுங்கள். அதிலிருந்து சீட்டுக் குலுக்கியோ மூன்றில் ஒருவராகவோ எடுங்கள். இரண்டு நாள் கூடுதலாகும், பரவாயில்லை.

மதுரை நகரத்துக்குள் என்றால் கதை வேறு. கே.கே. நகர் அடுக்குமாடியில் மணி அடித்தால் கதவின் சங்கிலியை எடுக்காமலே பேசுவார்கள். பிள்ளை அமெரிக்காவில், பெண் பெங்களூரில், வீட்டில் இரண்டே பேர். அங்கே குடியிருப்போர் சங்கத்தின் வழியாகப் போனால்தான் கதவு திறக்கும். திறந்தபின் உங்களை விடவும் மாட்டார்கள்.

நேரம், இடம், அழைப்பு

காலை ஆறரைக்குப் போனால் டீக்கடையில் இருப்பார்கள், மத்தியானம் ஒன்றரைக்குப் போனால் தூங்குவார்கள். பதினோரு மணியும் நாலரை மணியும் நல்ல நேரம். சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கித் திரும்ப மலையேறும் வரைக்கும் ஊர்ப்பக்கமே போகாதீர்கள், யாரும் அகப்பட மாட்டார்கள். தை மாதம் அலங்காநல்லூர், பாலமேட்டுப் பக்கமும் அப்படித்தான்.

'பாட்டி' என்று கூப்பிட அவசரப்படாதீர்கள். அறுபத்திரண்டு வயதில் மண்வெட்டி பிடிக்கிற பெண்மணி முறைப்பார். 'அம்மா', 'அய்யா' எப்போதும் பாதுகாப்பு. அவராக உங்களைப் பேரன் முறை கொண்டாடிய பிறகு அப்பத்தா, அம்மாச்சி எல்லாம் தானாக வரும். இன்னொன்று, குழந்தையைக் கொஞ்சுகிற குரலில் பேசக் கூடாது. "சாப்ட்டீங்களாஆ? மாத்திரை போட்டீங்களாஆ?" என்று இழுப்பது அன்பு மாதிரி தெரியும், கேட்கிறவருக்கு அவமானம். வயதை வைத்து ஆளைக் குறைத்து எடைபோடுவதற்கு 1969இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு தனிச்சொல்லே உண்டாக்கினார். அந்தக் குறைமதிப்பு ஆய்வாளர் குரலிலும் ஒளிந்திருக்கும்.

காது கேட்காதவரிடம் கத்தாதீர்கள். வயதானால் முதலில் மங்குவது உச்சஸ்தாயி ஒலிகள். கத்தும்போது குரல் மேலே ஏறி இன்னும் புரியாமல் போகும். குரலைத் தணித்து, நிறுத்தி நிறுத்தி, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரே உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் காது நல்ல காது என்று கேட்டுக்கொள்வதில் வெட்கமே வேண்டாம்.

கைநாட்டு

சம்மதப் படிவத்தைப் பையிலிருந்து எடுத்ததும் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ கேட்டால் பெரியவர்களுக்கு ஞாபகம் வருவது ஒன்றுதான், பத்திரம். மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மறுவருடம் திண்ணைக்கு வந்தவர்களை அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

எனவே படிவம் முதலில் வரக் கூடாது. யார், எந்தக் கல்லூரி, எதற்காகக் கேட்கிறோம், எவ்வளவு நேரம், பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்திலும் நிறுத்தலாம், இதனால் பென்ஷன் வரவும் செய்யாது நிற்கவும் செய்யாது. இதை வாயால் சொல்லுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை சொல்லுங்கள், ஏனென்றால் நீங்கள் தாலுகா ஆபீசிலிருந்து வந்திருப்பதாகத்தான் பாதிப்பேர் நினைப்பார்கள். மருத்துவ ஆய்வுகளுக்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, வாசிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் வாங்கும்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். சமூக ஆய்வுக்கும் அது நல்ல வழக்கம். அந்தச் சாட்சி மகனாக இருக்க வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் போதும். சம்மதம் வாங்கி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு அவர் போய்விடட்டும்.

வயதைக் கண்டுபிடிப்பது

ஆதாரைப் பார்த்து எழுதிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்தால் அது பெரும்பாலும் யாரோ உத்தேசமாகப் போட்டது. வாயால் சொல்லும் வயதும் அறுபது, அறுபத்தஞ்சு, எழுபது என்று ஐந்தைந்தாகத்தான் வந்து நிற்கும்.

மேலூர்ப் பக்கம் ஓர் அம்மா. ஆதாரில் 1-1-1958. எனக்குச் சந்தேகம். "தனுஷ்கோடியப் புயல் அடிச்சப்ப நீங்க என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டேன். "அப்பவா? மூத்தவன் இடுப்புல இருந்தான். ஒரே மழை, கூரை ஒழுகி அவன மடியில போட்டுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தேன்." அந்தப் புயல் 1964 டிசம்பர். ஆதார் சொல்வது நிஜமென்றால் அப்போது இவருக்கு ஆறு வயது. மறுபடி கேட்டேன், முதல் பேத்தி எப்போது? "எம்ஜியார் செத்த வருசம்." அது 1987. ஆதார்ப்படி இருபத்தொன்பது வயதில் பாட்டி. இடுப்புப் பிள்ளையை வைத்துக் கணக்குப் போட்டால் 1945ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும். இது வெறும் புள்ளிவிவரப் பிழை இல்லை. அறுபது ஆகவில்லை என்று தாள் சொன்னதால் இவர் எத்தனை வருடம் உதவித்தொகைக்கு வெளியே நின்றார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு தாளில் ஊர் ஞாபகக் காலண்டர் ஒன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நயா பைசா வந்தது 1957. வைகை அணை திறந்தது 1959. மீனாட்சியம்மன் கோயில் கும்பாபிஷேகம் 1963இல் ஒன்று, 1995இல் ஒன்று, 2009இல் ஒன்று. முத்துராமலிங்கத் தேவர் காலமானது 1963 அக்டோபர், இந்தி எதிர்ப்புக் கலவரம் 1965 ஜனவரி, அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி, மதுரையில் உலகத் தமிழ் மாநாடு 1981. "அப்போ நீங்க பள்ளிக்கூடமா, கல்யாணம் ஆச்சா, கைப்பிள்ள இருந்துச்சா?" இவ்வளவுதான் கேள்வி. பதில் வயதோடு நிற்காது, ஒரு வாழ்க்கையே வந்துவிடும். அதற்கும் பக்கம் விட்டு வையுங்கள்.

கேள்விகளை ஊருக்கு ஏற்ப மாற்றுவது

அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள முடிகிறதா என்று பார்க்க 1963இல் கட்ஸ் என்பவர் கொடுத்த ஆறு வேலைகள் கொண்ட பட்டியல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. குளிப்பது, உடுப்பது, கழிப்பறை போவது, எழுந்து நகர்வது, மலஜலம் அடக்குவது, சாப்பிடுவது. 1969இல் லாட்டன் அதற்கு மேலே கடைக்குப் போவது, சமைப்பது, போன் பேசுவது, பணம் கையாள்வது போன்றவற்றைச் சேர்த்தார். பட்டியலில் குறையில்லை. அப்படியே வாசித்தால் குறை.

"தனியாகப் பயணம் செய்ய முடிகிறதா?" என்பதை எடுங்கள். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆகவே முழங்கால் வலியோடு அம்மா செக்கானூரணிச் சந்தைக்குப் போய் வருகிறார். அய்யா அவரைவிடத் தெம்பானவர், ஆனால் கையில் காசில்லாததால் வீட்டில் இருக்கிறார். கேள்வித்தாள் இதை உடம்பின் கணக்கில் எழுதிக்கொள்ளும். "கடைசியா எப்ப பஸ் ஏறினீங்க? எங்க போனீங்க? படிக்கட்டு எட்டுச்சா? டிக்கெட் யார் எடுத்தா?" என்று நாலாக உடைத்தால் உடம்பு தனியே, காசு தனியே விழும்.

பணமும் அப்படியே. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் தொடங்கியது, 2023இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. "வருதா?" என்றால் "வருது" என்பார்கள். பேங்க் புக்கும் ஏடிஎம் கார்டும் யாரிடம் இருக்கிறது, போன மாதம் எடுத்ததில் சுருக்குப் பைக்குள் எவ்வளவு வந்தது, அதில் மாத்திரைக்குப் போனது எவ்வளவு என்று கேட்டால்தான் விஷயம் வரும்.

தனிமையைப் பற்றி ஒரு கேள்விகூட நேராகக் கேட்காமல் இருக்கலாம். நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, யார் ஆக்கினது, நீங்க சாப்பிடும்போது பக்கத்துல யார் இருந்தா, ராத்திரி எந்திரிச்சா யாரக் கூப்பிடுவீங்க, கடைசியா வீடு தேடி வந்தது யாரு. இந்த ஐந்தையும் கேட்டபிறகு பழைய 15 கேள்விப் பட்டியலை எடுத்தால் பதில்கள் மாறியிருப்பதைப் பார்ப்பீர்கள். அளவுகோலின் வார்த்தையை மாற்றாதீர்கள், மாற்றினால் பிறர் ஆய்வோடு ஒப்பிட முடியாது. முன்னால் என்ன பேசினீர்கள் என்பதை மட்டும் எல்லோருக்கும் ஒரே வரிசையில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

'மிகவும் உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன்' என்ற ஐந்து படி விடைகளை இங்கே மறந்துவிடலாம். பத்துப் புளியங்கொட்டை கொண்டுபோங்கள். "உங்களுக்கு ஒத்தாசை பண்றதுல மூத்த மகனுக்கு எத்தனை, இளையவனுக்கு எத்தனை, மகளுக்கு எத்தனை?" பல்லாங்குழி ஆடிய கை, ஒரு நிமிடத்தில் பிரித்து வைத்துவிடும். வைத்ததைத் திரும்ப எடுத்து மாற்றுகிற இடத்தைக் கவனியுங்கள். அங்கேதான் அடுத்த கேள்வி இருக்கிறது.

மருமகள்

அவர் பக்கத்திலேயே நிற்பார், மாமியாருக்குப் பதில் அவரே பதிலும் சொல்வார். துரத்தவும் முடியாது, துரத்தவும் கூடாது. இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் மாமியாரோடு திண்ணையில், இன்னொருவர் மருமகளோடு அடுக்களையில். ஒப்புக்குப் பேசாமல் நிஜமாகவே பேட்டி எடுங்கள். அவருக்கே ஐம்பத்தைந்து வயது, சர்க்கரை, இடுப்பு வலி, விடிகாலை நாலு மணிக்கு மாமனாரின் ஈரத்துணியை அலசியிருப்பார். இந்தத் துறையில் பல காலம் கிழவியின் கண்ணீரை மட்டும் எழுதிவிட்டு மருமகளை வில்லியாக்கி நாம் எழுந்து வந்திருக்கிறோம். தனி உலை வைத்த கதையை அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டால், சில சமயம் கிழவியே அடம்பிடித்து வைத்ததாக இருக்கும்.

நினைவுச் சோதனை

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சி இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. நினைவையும் அறிவுத்திறனையும் பார்க்க 1975இல் வந்த பிரபலமான 'மினி மென்டல்' சோதனை பள்ளிக்கூடம் போனவர்களுக்காகச் செய்தது. ஹரியானாவின் பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாத முதியோருக்காக அதை இந்தியில் மாற்றியமைத்தார்கள். மறதி நோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வளரும் நாடுகளில், ஆய்வுகளோ பத்தில் ஒரு பங்குகூட அங்கே இல்லை என்று சொல்லித்தான் 1998இல் 10/66 என்ற ஆய்வுக் குழுவே உருவானது. சென்னையிலும் வேலூரிலும் அவர்கள் வேலை செய்திருக்கிறார்கள். "இன்னைக்கு என்ன தேதி?" என்றதற்கு விழித்த ஒரு தாத்தா, அடுத்த நொடியில் "ஆடி பத்தொம்பது, நாளக்கழிச்சு அமாவாசை" என்றார். அவருக்கு மதிப்பெண் குறைத்தால் தப்பு யார் பேரில்?

கண்ணும் பாருங்கள். புரை விழுந்த கண்ணுக்குப் படத்தைக் காட்டிவிட்டுப் 'பெயர் சொல்லத் தெரியவில்லை' என்று எழுதிவிடுவார்கள். 58 வயதில் அரசு வேலையில் ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. முகாம் எப்போது என்று தெரிந்துவைத்துக்கொண்டு போனால் ஒரு தகவலாவது கொடுத்துவிட்டு வரலாம்.

கேட்கக் கூடாதது, கேட்டுவிட்டால் செய்ய வேண்டியது

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மதுரை, விருதுநகர் என்றதுமே தலைக்கூத்தலை, அதாவது படுக்கையில் கிடக்கும் முதியவரை வீட்டாரே சாகவைப்பதைப் பற்றித்தான் ஆர்வமாக விசாரிப்பார்கள். முதல் ஆய்வுக்குப் போகிறவர் அதைத் தொடாதீர்கள். அது சட்டப்படி கொலைக் குற்றம். உங்கள் நோட்டில் ஒரு பெயர் ஏறினால் அதைக் காப்பாற்றும் வழி உங்களிடம் இல்லை. எதிரே படுத்திருப்பவர் காதில் அந்தச் சொல் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் நினையுங்கள்.

"சீக்கிரம் போய்ச் சேரணும் தம்பி" என்று பாதிப்பேர் சொல்வார்கள், பெரும்பாலும் அது பேச்சு வழக்கு. ஆனாலும் கடந்து போகாதீர்கள். "ஏன்மா அப்படிச் சொல்றீங்க, ராத்திரி தூக்கம் வருதா, சோறு இறங்குதா?" என்று உட்கார்ந்து கேளுங்கள். நிஜமாகத் தோன்றினால் அன்றே உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். மனநல உதவிக்கு 14416. முதியோருக்கான உதவி எண் 14567. சோறு போடாமல் விடுவது, சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிடுவது போன்றவற்றுக்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், கவனிப்பதாக நிபந்தனை போட்டு எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்க வழி உண்டு. இதைச் சொல்லுங்கள், மனுவை நீங்களாக எழுதிவிடாதீர்கள். நீங்கள் சாயங்கால பஸ்ஸில் போய்விடுவீர்கள், அவர் அதே வீட்டில்தான் படுக்க வேண்டும்.

எழுதுவதும் திரும்பிப் போவதும்

அன்றன்றைக்கு ராத்திரியே எழுதிவிட வேண்டும். அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். 'ஏதோ இருக்கேன்' என்றதை 'திருப்தி' என்று மாற்றிவிட்டால் ஆய்வு அங்கேயே முடிந்தது. பெயர், தெரு, மகன் பார்க்கும் வேலை எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். சின்ன ஊரில் 'திருப்பூரில் டெய்லராக இருக்கும் இரண்டாவது மகன்' என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அறிக்கை முடிந்ததும் ஒரு தடவை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். பிஸ்கட் பாக்கெட் வாங்கிப் போங்கள், முறுக்கு வேண்டாம், பல் இருக்காது. நான் தனி உலை அம்மாவிடம் போனபோது கட்டுரையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எம்பேரு எங்க இருக்கு?" என்றார். உங்க நல்லதுக்காகப் பேரை மாற்றிவிட்டோம் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வேற எவ பேரையோ போட்டு எங்கதய எழுதியிருக்கியா?" என்றார்.